பாத்துக் கால் வை: பளையில் பிள்ளைகளோடு வெளியில் போவதன் சின்ன வரலாறு

போன மாரி தொடங்கின கையோடு, பளையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை வெளியில் நடந்துவிட்டு வரலாம் என்று நாங்கள் முடிவெடுத்தோம். எல்லாரும் ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஒரு பனங்கூடல், ஒரு குளக்கட்டு, அதற்குப் பின்னால் கொஞ்சம் பற்றைக்காடு. பறவை பார்க்கலாம், பூச்சி பார்க்கலாம், மரங்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம், பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளோடு இயற்கையைப் பார்க்கப் போகும்போது என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்று இணையத்தில் தேடினோம். நிறைய வந்தது. சப்பாத்து, தொப்பி, தண்ணிப் போத்தல், நுளம்புக்குப் பூசும் மருந்து, காயத்துக்கு பிளாஸ்டர், மாற்றுடுப்பு. எல்லாம் நல்ல விஷயங்கள். ஒரு கொப்பியில் பட்டியல் போட்டு, பக்கத்து வீட்டு அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவ பல வருசமாக மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போறவ. பட்டியலை ஆறுதலாக வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா.

"எல்லாம் சரி பிள்ளையள், அந்தப் பத்தைக் காணி கிளியர் பண்ணின காணியோ எண்டு ஆரிட்டயாவது கேட்டனீங்களே?"

நாங்கள் கேட்கவில்லை. இவ்வளவுக்கும் எங்களில் அரைவாசிப் பேர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். பலாலி வீதியிலோ திருநெல்வேலியிலோ அறை எடுத்துப் படிக்கப் போன மூன்று வருசத்தில் அந்தக் கேள்வி எங்கள் தலையிலிருந்து கழன்றுவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரையும் தொடங்கியது. பளையில் ஒரு பிள்ளையை வெளியில் கூட்டிக்கொண்டு போவது என்றால் என்ன? அதற்கு முன்னர் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்தத் தெரிதல் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறி வந்திருக்கிறது?

*அப்புமார் சொல்லித் தந்தவை*

பளை என்றால் வெளியூர்க்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது தேங்காய். பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் மணல்மண்ணும் ஆழமில்லாத நிலத்தடி நீரும் தென்னைக்கு வாய்த்தவை. ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரி, கிளாலிக் கரை. மறுபக்கம் கிழக்குக் கடல். நடுவில் தென்னந்தோட்டம், பனை, ஈச்சம் பற்றை, விடத்தல், நாவல், பாலை. முகமாலை, இத்தாவில், வேம்பொடுகேணி, புலோப்பளை, அல்லிப்பளை, சோரன்பற்று, தர்மக்கேணி, இயக்கச்சி என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். கேணியும் பற்றும் பளையுமாக, பெயரிலேயே தண்ணியும் நிலமும் இருக்கிற ஊர்கள்.

எங்கள் அம்மம்மாமாரும் அப்புமாரும் இந்த நிலத்தில் திரிந்த கதையைக் கேட்டால் பொறாமை வரும். பாலைப்பழக் காலத்தில் வாயெல்லாம் பால் ஒட்டத் திரிந்தது, நாவற்பழம் தின்று நாக்கைக் காட்டிப் போட்டி போட்டது, ஈச்சங்குலை தேடிப் பற்றைக்குள் நுழைந்தது, வத்தின குளத்தில் மீன் அள்ளியது. "இயற்கையை ஆராய்தல்" என்று ஒருவரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மாடு சாய்க்கப் போனார்கள், விறகு பொறுக்கப் போனார்கள், போன இடத்தில் உலகத்தைப் படித்தார்கள்.

ஆனால் அவர்கள் கட்டுப்பாடு இல்லாமல் திரிந்தார்கள் என்று நினைத்தால் பிழை. கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் எழுதாத சட்டங்கள் இருந்திருக்கின்றன. புற்றுக்குள்ளும் பொந்துக்குள்ளும் கை விடாதே. பற்றைக்குள் கால் வைக்க முதல் தடியால் தட்டு. மாரிக் குளத்தில் தனிய இறங்காதே. பாழ்கிணற்றை எட்டிப் பாராதே. விளக்கு வைக்க முதல் வீட்டுக்கு வா. சின்னதுகளைத் தனிய விடாதே, பெரியது ஒன்று கூடப் போ. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வசனம்: "பாத்துக் கால் வை."

அந்தக் காலத்தில் அதன் அர்த்தம் பாம்பும் முள்ளும்தான்.

*வீதியை விட்டு இறங்காதே*

பளைக்குத் தென்கிழக்கே ஆனையிறவு. குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கிற தரைவழியின் குறுகலான கழுத்து அது. ஒல்லாந்தர் காலத்திலேயே அங்கே கோட்டை கட்டிக் காவல் போட்டார்கள். கழுத்தைப் பிடித்தவர் கையில் தலை என்ற கணக்கு யுத்த காலத்திலும் மாறவில்லை. 1990 இல் யாழ்தேவி நின்றது. 1991 இல் ஆனையிறவில் பெரும் சண்டை. 2000 ஏப்ரலில் முகாம் விடுதலைப் புலிகளின் கையில் விழுந்தது. அதன் பிறகு முன்னரங்கு கிளாலியில் தொடங்கி முகமாலையைக் கடந்து நாகர்கோவில் கடற்கரை வரைக்கும் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் இராணுவத்தின் மண் அணை, எதிரே புலிகளின் மண் அணை, நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளி. 2009 ஜனவரி வரைக்கும், கிட்டத்தட்ட ஒன்பது வருசம் அந்தக் கோடு அங்கேயே கிடந்தது.

அந்த ஒன்பது வருசத்தில் இரு தரப்பும் அந்த வெளியில் மிதிவெடி விதைத்தன. விதைத்தன என்று எழுதக் கூசுகிறது, ஆனால் அந்த அடர்த்திக்கு வேறு சொல் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் உடல் கொண்ட வெளிநாட்டு வெடிகள் ஒரு பக்கம், மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' மறுபக்கம். முகமாலையை உலகத்திலேயே மிக அடர்த்தியான மிதிவெடி நிலங்களில் ஒன்று என்று அகற்றுபவர்கள் சொல்வது வழக்கம். எங்கள் ஊரின் பெயர் உலகத் தரத்துக்குப் போனது இந்த வகையில்தான்.

இதற்கிடையில் ஒரு விசித்திரமான காலம் இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் அது திரும்ப மூடப்படும் வரைக்கும் ஆயிரக்கணக்கான சனம் முகமாலைச் சோதனைச் சாவடி வழியாகப் போய் வந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி அம்மாமாரிடம் கேட்டால் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்லுவார்கள். பஸ் யன்னலால் பார்த்தால் இரண்டு பக்கமும் தலை போன தென்னைகளும் பனைகளும். அவற்றின் கீழே மஞ்சள் நாடா, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பிள்ளைக்கு ஒண்டுக்கு வந்தால்கூட தார் வீதியை விட்டு இறங்க விடுவதில்லை. "ரோட்டிலேயே இரு" என்பார்கள்.

நாங்கள் அதை ஒரு வரலாற்றுத் திருப்பமாகவே பார்க்கிறோம். அப்புமாரின் "பாத்துக் கால் வை" என்பதற்குள் "போ" என்ற அனுமதி இருந்தது. பார்த்துப் போகலாம், ஆனால் போகலாம். சிவப்புப் பலகையின் காலத்தில் அந்த அனுமதி கழன்று விழுந்தது. மிஞ்சினது "போகாதே" மட்டும்.

*தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல்லு*

எங்களில் பெரும்பாலானோர் 2009 இல் ஆறேழு வயதுப் பிள்ளைகள். முகாமில் இருந்தபோதும், பிறகு ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோதும், வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பாடத்தையும் மனனம் செய்தோம். மிதிவெடி அபாயக் கல்வி என்று அதற்குப் பெயர். யுனிசெப்பின் ஆதரவோடு பள்ளிக்கூடங்களிலும் ஊர்களிலும் நடந்தது. சுவரொட்டி, நாடகம், சித்திரப் போட்டி, விளையாட்டு. சந்தேகமான பொருளைக் கண்டால் நில். தொடாதே. எறியாதே. கிட்டப் போகாதே. வந்த வழியாலேயே திரும்பு. பெரியவர்களிடம் சொல்லு.

அந்தப் பாடம் தேவையாகத்தான் இருந்தது. மிதிவெடியாலும் வெடிக்காமல் கிடக்கிற குண்டுகளாலும் உலகத்தில் பாதிக்கப்படுகிற பொதுமக்களில், வயது தெரிந்தவர்களைக் கணக்கெடுத்தால், பல வருசங்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சிறுவர்கள். காரணம் லேசானது. பெரியவர் வேலை மினக்கெட்டு ஒரு சின்ன இரும்புப் பொருளைத் தூக்கிப் பார்க்க மாட்டார். பிள்ளை பார்க்கும். உருண்டையாக, வடிவாக, முன்னர் காணாததாக இருந்தால் கட்டாயம் பார்க்கும். பிள்ளையின் ஆர்வம்தான் அங்கே ஆபத்து. ஆகவே அந்தக் கல்வி ஆர்வத்தைக் கட்டிப் போட்டது. உயிர்களைக் காப்பாற்றியது. அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் விலை ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் மண்டையோட்டுப் பலகையைத் தெரியாத பிள்ளை இல்லை. ஆட்காட்டிக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று இப்போது யோசித்தால் இரண்டு மூன்று பேருக்கு மேல் ஞாபகம் வரவில்லை. பற்றை என்றால் பயம். வெளி என்றால் பயம். பெற்றோருக்கு எங்களை விடப் பயம். பிறகு கைபேசி வந்தது, ரியூசன் வந்தது. பயம் போன பிறகும் வீட்டுக்குள் இருக்கும் பழக்கம் போகவில்லை.

இங்கே கொஞ்சம் வெளியே எட்டிப் பார்ப்பது உதவும். பிள்ளைகளை ஒழுங்குபடுத்தி வெளியில் கூட்டிப் போகும் இயக்கங்களில் பெயர்போனது சாரணியம். அதைத் தொடங்கிய பேடன் பவல் ஒரு படைத்தளபதி. படைவீரருக்கு வேவுபார்த்தலைச் சொல்லிக்கொடுக்க அவர் எழுதிய கையேடு 1899 இல் வந்தது. 1907 இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து முதல் பாசறை நடத்தினார். 1912 இல் அது மாத்தளை வழியாக இலங்கைக்கு வந்துவிட்டது. தடம் பார்ப்பது, சத்தம் கேட்பது, எப்போதும் ஆயத்தமாக இருப்பது என்று, யுத்தத்துக்காக உருவான ஒரு கண்ணைப் பிள்ளைகளின் விளையாட்டுக்காகத் திருப்பிவிட்டது அந்த இயக்கம். எங்களுக்கும் யுத்தம் ஒரு கண்ணைத் தந்திருக்கிறது. அதை நாங்கள் இன்னும் எந்தப் பக்கமும் திருப்பவில்லை என்பதுதான் வித்தியாசம்.

*முழங்காலில் இருந்து பார்க்கிறவர்கள்*

ஹலோ ட்ரஸ்ட்டும் மக் நிறுவனமும் 2002 இல் இருந்து இலங்கையில் வேலை செய்கின்றன. பிறகு டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகள் வந்தன. இராணுவத்தின் பிரிவொன்றும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க 2010 இல் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையம் உருவானது. உலக நாடுகள் 1997 இல் எழுதின மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி 2028 ஜூன் 1 இற்குள் நிலத்தைச் சுத்தமாக்கி முடிக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெருந்தொகையானோர் எங்கள் ஊர்களின் பெண்கள். பலர் குடும்பத்தைத் தனியத் தூக்கிச் சுமக்கிறவர்கள். அன்ரியிடம் வேலை எப்படி என்று கேட்டோம். ஒரு மீற்றர் அளவு அகலமான பாதை ஒன்றை எடுத்துக்கொள்வார்களாம். முழங்காலில் இருந்து, முதலில் கண்ணால் பார்ப்பது. பிறகு செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அகற்றுவது. பிறகு கருவி பிடித்துப் பார்ப்பது, அல்லது மண்ணை விறாண்டும் கருவியால் மெல்ல மெல்ல இழுப்பது. முடித்த இடத்துக்கு அடையாளத் தடி. அதற்குப் பிறகுதான் அடுத்த சாண். ஒரு நாளில் நகர்கிற தூரத்தைக் கேட்டால் எங்களுக்குப் பொறுமை போய்விடும்.

"அவசரப்பட்டா ஒண்டும் தெரியாது," என்றா அன்ரி. "இருந்து பாத்தாத்தான் மண்ணில என்ன கிடக்கெண்டு தெரியும். நான் அங்க இருந்துதான் எத்தினை வகைப் பூச்சி இருக்கெண்டு பாத்தனான்."

மிதிவெடி நிலத்தில் பூச்சியும் பறவையும் பெருகுவது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. மனிசர் போகாத இடத்தில் மற்ற உயிர்கள் குடியேறும். போக்லாந்துத் தீவுகளில் 1982 யுத்தத்தின் மிதிவெடி வயல்களுக்குள் பென்குயின்கள் பல வருசம் பயமில்லாமல் வாழ்ந்தன. வெடியை அமுக்கும் பாரம் அவற்றுக்கு இல்லை. 2020 நவம்பரில் அங்கே கடைசி வெடியும் எடுத்தாகிவிட்டது. இரண்டு கொரியாக்களுக்கும் நடுவில் ஆள் நடமாட்டமில்லாத பட்டையில் அரிய கொக்குகள் மாரி கழிக்கின்றன. இதைப் படித்துவிட்டு மிதிவெடிக்கு நன்றி சொல்ல எங்களுக்கு மனமில்லை. கால் இழந்த சனம் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பொறுப்பு இருக்கிறது. காணி விடுபட்ட அடுத்த நாளே பற்றையைத் தள்ளி எரித்து, மணலை அள்ளி விற்று, மிச்சத்தில் குப்பை கொட்டினால், வெடியிடம் இருந்து மீட்ட நிலத்தை எங்களிடம் இருந்து மீட்பது யார்?

*எங்கள் ஆயத்தம்*

அன்ரியின் கேள்விக்குப் பிறகு பட்டியலைத் தலைகீழாக்கினோம். பொருட்கள் கடைசிக்குப் போயின. இடம் முதலுக்கு வந்தது. நாங்கள் செய்தவற்றை இங்கே எழுதுகிறோம். வடக்கில், கிழக்கில் எங்கே சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் ஏதாவது ஒன்று உதவும்.

இடம். கிராம சேவையாளரிடம் போய், நாங்கள் போக நினைத்த பாதையைச் சொல்லிக் கேட்டோம். ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டோம். குளக்கட்டும் பனங்கூடலும் பல வருசமாகச் சனம் புழங்குகிற இடங்கள். பின்னால் இருந்த பற்றைக்காட்டைப் பற்றி ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இருக்காது" என்றார்கள். "இருக்காது" என்பது போதாது. அதைப் பட்டியலில் இருந்து வெட்டினோம். எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், இருந்தாலும் வெட்டினோம். பலகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. பலகை விழுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம். வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய பொருட்களை மேலே கொண்டுவரலாம். குப்பைக்கு நெருப்பு வைத்த இடத்திலும் வெடித்திருக்கிறது.

முன்னோட்டம். முதல் நாள் நாங்கள் மட்டும் முழுப் பாதையையும் நடந்தோம். ஒரு பாழ்கிணறு, கட்டில்லாமல், செடி மூடிக் கிடந்தது. பழைய பங்கர் ஒன்று, உள்ளே தண்ணி. மணல் அள்ளின குழி ஒன்று மழைக்கு நிரம்பி, பார்க்க ஆழம் தெரியாமல். இந்த மூன்றில் எதுவும் இணையத்தில் கிடைத்த பட்டியல்களில் இல்லை. பாதையைச் சுற்றி வளைத்து மாற்றினோம்.

ஆட்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் போதும் என்று முதலில் நினைத்தோம். ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒரு தடவை கடைக்குப் போய் வந்தால் தெரியும், போதாது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர், அவர்களைத் தாண்டி ஒருவரும் போவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், எங்கே போகிறோம், எப்போது வருவோம், யார் யார் வருகிறோம் என்று சொன்னோம். இழுப்பு இருக்கிறதா, எதற்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டு எழுதினோம்.

நேரம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் பெரும்பாலும் பின்னேரத்தில். ஆகவே காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது. வானம் கறுத்தால் திரும்புவது. மின்னல் நேரம் தனித்த பனைக்குக் கீழே ஒதுங்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொன்னோம்.

பாம்பு. இது விரியன் உள்ள மண். நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. சப்பாத்து இல்லாத பிள்ளைகள் மூன்று பேர். இரவல் வாங்கினோம். கடித்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் முதலில் படித்தோம்: பிள்ளையை நடக்க விடாமல், பதற்றப்படாமல் இருத்துவது. கடிபட்ட காலை அல்லது கையை அசையாமல் தடி வைத்துத் துணியால் தாங்குவது. காப்பு, மோதிரம், வெள்ளிச்சங்கிலி இருந்தால் கழற்றுவது. இறுக்கிக் கட்டுவதில்லை, கீறுவதில்லை, வாயால் உறிஞ்சுவதில்லை, பாம்பைத் துரத்துவதில்லை. நேரே ஆஸ்பத்திரி. 1990 இற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதோடு ஒருவருடைய ஓட்டோவை முன்கூட்டியே சொல்லி நிறுத்தி வைத்தோம்.

பை. கொதித்தாறின தண்ணி, கச்சான், வாழைப்பழம், பிளாஸ்டர், ஜீவனி, துவாய், ஒரு விசில், குப்பை போட ஒரு பை. இலைகளைப் பார்க்க ஒரு கண்ணாடி.

சட்டங்கள். இதை எழுத இருந்தபோதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார்: பாதையை விட்டு விலகாதே. தெரியாததைத் தொடாதே. கண்டால் நில், கூப்பிடு. ஒன்றையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதே. வந்த வழியால் திரும்பு.

எழுதி முடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அது இரண்டாம் வகுப்பில் நாங்கள் மனனம் செய்த அதே பாடம்.

கூட்டில் முட்டை இருந்தால் தொடாதே என்பதற்கும், மண்ணில் இரும்பு கிடந்தால் தொடாதே என்பதற்கும் கை செய்கிற வேலை ஒன்றுதான். காரணம்தான் வேறு. ஒன்று என்னைக் காப்பாற்ற. மற்றது அதைக் காப்பாற்ற. எங்கள் தலைமுறைக்கு முதல் காரணம் மட்டும்தான் சொல்லித் தரப்பட்டது. அந்த நேரம் அதற்குத்தான் அவகாசம் இருந்தது. இப்போது இரண்டாவது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுகிற வேலை எங்களுடையது. "ஏன் தொடக்கூடாது?" என்று பிள்ளை கேட்டால், பயத்தை மட்டும் பதிலாகக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

இதே கணக்கு பெரிய இடங்களுக்கும் பொருந்தும். பளைக்குத் தென்கிழக்கே சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா. பூநாரைகள் வருகிற காலத்தில் பலர் வாகனம் எடுத்துக்கொண்டு போய், படம் எடுப்பதற்காகக் கையைத் தட்டிக் கூட்டத்தைக் கிளப்பி விடுகிறார்கள். பறக்கிற படம் வடிவாக வரும். ஆனால் தூரதேசத்தில் இருந்து களைத்து வந்த பறவை சாப்பிடுகிற நேரத்தில் சும்மா பறந்து களைக்கிறது. பிள்ளைக்கு முன்னால் நாங்கள் கை தட்டினால், பிள்ளை படிப்பது அதைத்தான்.

*சிவப்பு*

நடந்த நாள் பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. அப்படி இருக்கத்தான் அவ்வளவு ஆயத்தம். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, ஒரு செண்பகம். புலோப்பளைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து ஒரு பெடியன் அதையும் பறவைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தான்.

பனங்கூடலில் முன்னுக்குப் போன ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி திடீரென்று நின்றாள். கையை விரித்துப் பின்னுக்கு வந்தவர்களையும் மறித்தாள். "அக்கா, ஓடி வாங்கோ, நிலத்தில சிவப்பா ஒண்டு!"

எங்களுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் போனது. கிட்டப் போய்ப் பார்த்தால், நனைந்த மணலில் ஒரு தம்பளப்பூச்சி. முதல் மழைக்கு வெளியே வந்த, பட்டுத்துணியால் செய்தது போன்ற சின்னச் சிவப்பு உருண்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு பார்த்தால் பத்துப் பதினைந்து.

அந்தப் பிள்ளை யுத்தம் முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகு பிறந்தவள். சிவப்புப் பலகையை வீதியோரம் பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பாள். நிற்கவும், மறிக்கவும், கூப்பிடவும் அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லாரையும் முழங்காலில் இருக்கச் சொன்னோம், அன்ரி வேலை செய்கிற மாதிரி. கால்களை எண்ணச் சொன்னோம். எட்டு வந்தது. அப்படியென்றால் இது பூச்சி இல்லை, சிலந்திக்குச் சொந்தம் என்றோம். வருசத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு மழைக்கு மேலே வரும் என்றோம். சங்கப் பாடல்களில் இதற்கு மூதாய் என்று பெயர் என்றோம். எங்கள் அம்மாமார் இதைப் பிடித்து நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்தவர்கள், அடுத்த நாள் செத்துப்போகும் என்றும் சொன்னோம்.

"அப்ப நாங்கள் பிடிக்க வேண்டாம்," என்றாள் அவள். "பாத்திட்டு விடுவம்."

அரை மணித்தியாலம் அங்கேயே போனது. குளக்கட்டுக்கு நேரம் இல்லாமல் வந்த வழியாலேயே திரும்பினோம்.

பளை ஸ்டேஷன் 2014 மார்ச்சில் திரும்பத் திறந்து, ஒக்டோபரில் தண்டவாளம் யாழ்ப்பாணம் வரைக்கும் போகும் வரை, ஏழு மாதம் ரயிலின் கடைசித் தரிப்பிடமாக இருந்தது. அதுக்கு மேலே போக வழி இல்லை என்ற இடத்தில் இருந்து, போகலாம் என்ற இடத்துக்கு எங்கள் ஊர் வந்து கனகாலம் ஆகிவிட்டது. பற்றைக்காட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காணியைப் பற்றி எழுத்தில் பதில் கேட்டு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். பதில் வரும் வரைக்கும் அந்தப் பக்கம் போவதில்லை.

அதுவரைக்கும் இந்தப் பக்கம் பார்க்க நிறைய இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கேளுங்கள், பிறகு நடந்து பாருங்கள், பிறகு கூட்டிப் போங்கள். பாத்துக் கால் வையுங்கோ.